பக்கத்துக் கூட்டம் செய்யவில்லை என்றால் அது பண்பாடா? (விவாத இழை)

ஜனவரி 11, கேள்வி

ஒரு குரங்குக் கூட்டம் கெட்டி ஓட்டுக் காயைக் கல்லால் தட்டி உடைத்துத் தின்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூட்டம் உடைப்பதில்லை. ஒரே இனம், ஒரே காய். இரண்டு பருவம் பார்த்து எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. இதைப் பண்பாடு (ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுப் பரவும் பழக்கம்) என்று எழுதிவிடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

ஜனவரி 11, இரவு, பதில்

போதாது.

"அந்தப் பக்கம் உடைப்பதில்லை" என்பதற்கு நான்கு பொருள் உண்டு. உடைக்கத் தெரிந்த ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே எதற்கும் கிடைக்கவில்லை. அல்லது அங்கே சூழல் வேறு. அல்லது மரபணு வேறு. அல்லது நாம் அங்கே போதுமான நேரம் உட்காரவில்லை. முதலாவது மட்டுமே பண்பாடு. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்ட வேண்டும்.

சிம்பன்சிகளைப் பற்றி 1999-இல் வந்த பெரிய ஒப்பீட்டைப் பாருங்கள். ஏழு நீண்டகால ஆய்வுகள், கூட்டினால் 151 ஆண்டுகளின் கவனிப்பு. 65 பழக்கங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 39-ஐத்தான் பண்பாட்டு வேறுபாடாக ஏற்றார்கள். அதில் கற்க வேண்டியது அந்த எண்ணைவிட அவர்கள் போட்ட குறியீடுகளை. "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிக்கவில்லை. வெறுமனே இல்லை, சூழல் காரணமாக இல்லை, போதிய அளவு பார்க்காததால் இல்லாமல் இருக்கலாம் என்று தனித்தனியாகக் குறித்தார்கள். உங்கள் அட்டவணையில் "இல்லை" என்பதற்கு எத்தனை குறியீடு இருக்கிறது?

நேரக் கணக்கு எளிது. உங்கள் பக்கத்தில் சராசரியாக 40 மணி நேரத்துக்கு ஒருமுறை உடைப்பு கண்ணில் படுகிறது என்று வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் 60 மணி நேரம் பார்த்து ஒன்றும் இல்லை. அங்கேயும் இதே வேகத்தில் உடைத்திருந்தாலும், ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக 22 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஐந்து விழுக்காட்டுக்குக் கொண்டுவர 120 மணி நேரம் வேண்டும், அதாவது அந்த 40-இன் மூன்று மடங்கு. உடைப்பு வருடம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும். காய் முதிரும் சில வாரங்களில் மட்டும் நடக்கிறது என்றால், அந்த வாரங்களின் நேரத்தை மட்டுமே கூட்ட வேண்டும். மழைக்காலத்தில் உட்கார்ந்த 80 மணி நேரத்தை இதில் சேர்த்தால் அது வீங்கிய எண்.

ஜனவரி 12

சூழலைக் கழிப்பது பற்றி. "அதே காய் இருக்கிறது" என்பதைக் கண்ணால் சொல்லாமல் எண்ணிச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே நீள அகலத்தில் நிலப் பட்டைகள் அளந்து, காய்க்கும் மரங்களையும், சுத்தியலாகக்கூடிய எடையுள்ள கற்களையும், காயை மேலே வைத்து உடைக்க அடித்தளமாகப் பயன்படும் பாறை, வேர்களையும் எண்ணுங்கள். காய் இருந்து கல் இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

சூழல் எவ்வளவு நுட்பமாக ஏமாற்றும் என்பதற்கு, கினியாவில் பொசூ என்ற இடத்துச் சிம்பன்சிகள் எறும்பு பிடிக்கும் குச்சி நல்ல உதாரணம். குச்சியின் நீளம் மாறுவதைப் பார்த்தால் பழக்க வேறுபாடு போலத் தெரியும். ஆனால் கடுமையாகக் கடிக்கும் எறும்பினத்துக்கு நீண்ட குச்சி, சாதுவானதற்குக் குட்டைக் குச்சி. வேறுபாட்டில் ஒரு பகுதியை எறும்பே விளக்கிவிடுகிறது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். சூழலோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு பழக்கத்தைப் பட்டியலிலிருந்து தூக்கி எறிவதும் தவறு. கடிக்கும் எறும்புக்கு நீண்ட குச்சி வேண்டும் என்பதை ஒரு குட்டி தாயைப் பார்த்தே கற்றிருக்கலாம். கழித்தல் முறை சந்தேகத்தை எழுப்பும், எப்படிக் கற்றது என்பதைச் சொல்லாது.

ஜனவரி 12, சற்றுப் பின்

முதல் குறிப்பில் மரபணுவைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டேன். அண்டைக் கூட்டங்களுக்கு இடையே போக்குவரத்து இருந்தால் மரபணு வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் (Taï) காட்டில் மூன்று அண்டைச் சிம்பன்சிக் கூட்டங்கள் உண்டு. ஒரே காடு. வயதுக்கு வரும் பெண்கள் கூட்டம் மாறிப் போகின்றன, அதனால் மரபணு கலந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் கொட்டை உடைக்கும் பருவம் முன்னேறி ஓடு இளகும்போது இரண்டு கூட்டங்கள் மரச் சுத்தியலுக்கு மாறுகின்றன, தெற்குக் கூட்டம் கல்லையே விடாமல் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஆறு குரங்குகள் தாண்டக்கூடியதா? தாண்ட முடியாத ஆறு என்றால் சாணத்திலிருந்து மரபணு எடுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க வேண்டாம்.

ஜனவரி 16

"எதிர்ப்பக்கத்தில் காயையும் கல்லையும் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கினியாவின் நிம்பா மலையில், சேரிங்பாரா என்ற இடத்தில் இதைச் செய்தார்கள், 2022-இல் முடிவு வந்தது. அங்கிருந்து ஆறு கி.மீ. தொலைவில் பொசூ சிம்பன்சிகள் உடைக்கின்றன. சேரிங்பாரா சிம்பன்சிகள் முன் கொட்டையும் கல்லும் வைத்தார்கள், பிறகு உடைத்த கொட்டையையும் வைத்தார்கள், தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். வந்தன, பார்த்தன, ஒன்றுகூட உடைக்கவில்லை. தானாகக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதற்கு இது வலுவான சாட்சி.

நீங்கள் செய்வதற்கு முன் அனுமதி, நோய்த் தொற்று இரண்டையும் யோசியுங்கள். கையுறை இல்லாமல் தொட்ட எதையும் வைக்கக் கூடாது. தாய் காட்டில் 1999 முதல் 2006 வரை சிம்பன்சிகள் இடையே பரவிய சுவாச நோய்களில் மனிதரிடமிருந்து போன வைரஸ்களை உறுதி செய்திருக்கிறார்கள். பழகிய விலங்கு நம்மை அருகே விடுகிறது என்பதே அதன் ஆபத்து. முகக்கவசமும், குறைந்தது ஏழு மீட்டர் இடைவெளியும், சளி பிடித்தவர் முகாமிலேயே தங்குவதும் பேரம் பேசக்கூடாதவை.

ஜனவரி 20

ஜப்பானின் கோஷிமா தீவுக் குரங்குகளின் பெயர் இழையில் வந்துவிட்டது, வராமல் இருக்காது. 1953-இல் இமோ என்ற ஒன்றரை வயதுப் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவியது. 1958-இல் கணக்கெடுத்தபோது இரண்டு முதல் ஏழு வயதுள்ள 19 குரங்குகளில் 15 கழுவின. பெரியவை 11-இல் இரண்டுதான். இளையவை விளையாட்டுத் தோழரிடமிருந்தும், பிறகு குட்டிகள் தாயிடமிருந்தும் கற்றன என்பது பொருத்தமான படம்.

ஆனால் ஐந்து ஆண்டு என்பது மெதுவான பரவல். பார்த்துக் கற்பதாயிருந்தால், செய்பவை கூடக்கூடப் பரவலும் வேகம் எடுக்க வேண்டும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கிழங்கு கொடுத்தவர்கள் மனிதர்கள். கழுவும் குரங்குக்கு அவர்கள் கூடுதலாகக் கொடுத்திருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, யார், எப்போது, எந்தக் குரங்கின் முன் எத்தனை கிழங்கு போட்டார் என்ற பதிவு வேண்டும். உணவு வைத்து ஆராயும் எல்லோருக்கும் இது பொருந்தும். கொடுக்கும் கையும் தரவுதான்.

நூறாவது குரங்கு கற்றதும் தொலைதூரத் தீவுக் குரங்குகளுக்கும் திடீரென்று தெரிந்துவிட்டதாக ஒரு கதை சுற்றுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை, கூட்டத்தில் நூறு குரங்கு கழுவவும் இல்லை. அதைப் பகிர்ந்தவர் தயவுசெய்து எடுத்துவிடவும்.

ஜனவரி 24

இப்போது பதிவு முறை. களத்தில் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும்.

1974-இல் ஜீன் ஆல்ட்மன் எழுதிய மாதிரியெடுப்புக் கட்டுரைதான் இன்றும் அடித்தளம். கண்ணில் பட்டதை எழுதுவது முதல் நாள் அறிமுகத்துக்கு மட்டும். அப்படி எழுதினால் பெரிய ஆண்கள், சண்டைகள், திறந்த வெளியில் நடப்பவை மட்டும் ஏட்டில் நிறையும். ஓரமாக உட்கார்ந்து ஒன்றும் செய்யாத இளம் பெண் குரங்கு ஏட்டில் இருக்காது.

ஃபோக்கல் முறையில் ஒரே விலங்கைப் பத்து நிமிடம் விடாமல் பின்தொடர்கிறோம். 40 விலங்கு என்றால் ஒரு சுற்றுக்கு 6 மணி 40 நிமிடம், நடைமுறையில் இரண்டு நாள். யாரை எப்போது என்ற வரிசையை முந்தின இரவே குலுக்கிப் போட்டு எழுதிவையுங்கள். காலையில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்தால் முறை கெட்டது. காலை, மதியம், மாலை மூன்றிலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். புதருக்குள் போய்விட்டால் "மறைவில்" என்று தனிக் குறி போட்டு நேரத்தைக் குறியுங்கள். அந்த நேரத்தை வெறுமனே கழித்தால், மறைவில் நடக்கும் புணர்ச்சியும் உணவு ஒளித்தலும் குறைவாகத் தெரியும். எத்தனை நேரம் மறைவில் என்பதே சில சமயம் நடத்தை.

அதோடு ஸ்கேன்: 30 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் படும் எல்லோரையும் ஒரு கண வீச்சில் யார், என்ன செய்கிறது, மிக அருகில் யார் என்று எழுதுவது. அந்தக் கணத்தில் பார்த்தது மட்டும். ஒரு நொடி கழித்து நடந்த சுவையான சண்டையை உள்ளே தள்ளாதீர்கள்.

மூன்றாவது, உடைப்பு எங்கே நடந்தாலும் தனி ஏடு. நேரம், உடைத்தது யார், எந்தக் கல், எத்தனை அடி, உடைந்ததா, பருப்பை யார் தின்றது. பிறகு முக்கியமான பத்தி: பத்து மீட்டருக்குள் யார் யார், அவற்றில் முகம் உடைப்பவரை நோக்கி இருந்தது யார், சிதறிய துண்டைப் பொறுக்கியது யார். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. இந்தப் பத்தி காலியாக இருக்கும் ஏட்டை வைத்துக்கொண்டு சமூகக் கற்றல் பற்றி ஒரு வாக்கியமும் எழுத முடியாது.

இதெல்லாம் ஒவ்வொன்றையும் முகம் கண்டு பெயர் சொல்ல முடிந்த பிறகு. யானைக்குக் காது விளிம்பின் கிழிசலும் நரம்போட்டமும், கொரில்லாவுக்கு மூக்குச் சுருக்கம், டால்பினுக்கு முதுகுத் துடுப்பின் வெட்டு, கூனல் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்புற நிறம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதி, 90 விழுக்காடு ஒத்துப்போனால் தொடங்கலாம்.

ஜனவரி 25

மேலே கடைசி வாக்கியத்தில் 90 விழுக்காடு ஒத்துப்போனால் போதும் என்று எழுதியதைத் திருத்துகிறேன். பெயர் சொல்வதற்கு அது சரி. நடத்தைக் குறிக்கு அது ஏமாற்றும். இருவரும் 100 ஸ்கேனில் 85-ஐ "தின்கிறது" என்றும் மீதியை "பிற" என்றும் குறித்தால், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே 74.5 விழுக்காடு ஒத்துப்போகும். 90-இலிருந்து அதைக் கழித்து, மிச்சமிருக்கும் 25.5-ஆல் வகுத்தால் கப்பா (தற்செயலைக் கழித்த ஒப்புதல் அளவு) 0.61. 0.8-க்குக் கீழே என்றால் நடத்தைப் பட்டியலின் வரையறையைத் திரும்ப எழுதுங்கள். பெரும்பாலும் சிக்கல் ஆளிடம் இருக்காது, "அருகில்" "பார்க்கிறது" போன்ற சொற்களில் இருக்கும். "தலை உடைப்பவரை நோக்கி மூன்று நொடிக்கு மேல்" என்று எழுதினால் கப்பா தானே ஏறும். மாதம் ஒருமுறை திரும்பச் சோதிக்கவும், கண் நழுவிக்கொண்டே போகும்.

பிப்ரவரி 1

ஸ்கேன் ஏட்டிலிருந்து வலை, அதாவது யார் யாரோடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற படம். 'அ', 'ஆ' இரண்டும் சேர்ந்து 12 ஸ்கேனில், 'அ' மட்டும் 8-இல், 'ஆ' மட்டும் 10-இல். எளிய விகிதம் 12/30 = 0.40. தனித்த 8-ஐயும் 10-ஐயும் பாதியாக்கிக் கூட்டும் அரை எடைக் குறியீடு 12/21 = 0.57. ஒரே தரவு, இரண்டு எண். சேர்ந்திருக்கும்போது தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் இரண்டாவது. இல்லையென்றால் எளிய விகிதமே நேர்மையானது. 30 பார்வையில் கிடைத்த 0.40 என்பது உண்மையில் 0.22-க்கும் 0.58-க்கும் இடையே எங்கோ. வலைப்படத்தில் தடித்த கோடு, மெல்லிய கோடு என்று போட்டுப் பார்த்து மயங்குவதற்கு முன் இதை நினையுங்கள்.

வலை கிடைத்ததும், யார் எந்த வரிசையில் உடைக்கத் தொடங்கியது என்ற பட்டியலை அதன்மேல் வைக்கிறோம். தெரிந்தவற்றோடு அதிக நேரம் இருந்தவை முன்னதாகக் கற்றனவா? மெய்ன் வளைகுடாக் கூனல் திமிங்கிலங்களில் 1980-இல் முதன்முதலில் கண்ட, வாலால் நீரை அறைந்து இரை பிடிக்கும் பழக்கம் பரவியதை 27 ஆண்டுப் பதிவு வைத்து இப்படித்தான் காட்டினார்கள். கற்றது கூட்டாளிகள் வழியே என்ற கணக்கு மாதிரி, தனியே கற்றன என்ற மாதிரியைவிடத் தரவோடு நன்றாகப் பொருந்தியது. 27 ஆண்டும் அதே விலங்குகளை வால் பார்த்து எழுதிவைத்ததால்தான் அது முடிந்தது.

இணைப்பு எண்கள் தற்செயலா என்று பார்க்க மூலப் பதிவையே ஆயிரம் முறை கலைத்துப் போட்டு ஒப்பிடுங்கள். கூட்டாளி அதிகமுள்ளவை சீக்கிரம் கற்றனவா என்ற கேள்விக்கும் அதையே பயன்படுத்தலாம்.

பிப்ரவரி 8

பெரும்பான்மையைப் பின்பற்றுதல் பற்றிக் கேள்வி. சொல்லைக் கவனமாகப் பிடிக்க வேண்டும். சுற்றியுள்ளவற்றில் 60 விழுக்காடு ஒரு பெட்டியை இடப்பக்கம் திறந்தால், புதிதாக வந்ததும் 60 விழுக்காடு வாய்ப்பில் இடப்பக்கம் திறப்பது வெறும் நகலெடுத்தல். 60-ஐத் தாண்டி 80, 90 என்று சாய்ந்தால்தான் பெரும்பான்மைக்கு இணங்குதல். வளைவு எஸ் வடிவத்தில் வர வேண்டும்.

பெரிய டிட் பறவைகளில் இங்கிலாந்தின் வைத்தம் காட்டில் நடந்த சோதனையின் அமைப்பைப் படித்துப் பாருங்கள், 2015. நகரும் கதவுள்ள பெட்டி, நீலப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் சிவப்புப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் ஒரே புழு. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு ஆண் பறவைகளைப் பிடித்து, ஒரு பகுதிக்கு நீலம், இன்னொன்றுக்குச் சிவப்பு என்று பழக்கி விட்டார்கள். கால் வளையத்தில் சில்லு, பெட்டியில் ஆன்டெனா. யார், எந்த நொடி, எந்தப் பக்கம் என்று பெட்டியே எழுதியது. இரண்டு வழிக்கும் பலன் ஒன்றே என்பதால், பகுதிக்குப் பகுதி வேறுபட்டதைச் சூழலின் தலையில் கட்ட முடியாது. அந்த வேறுபாடு மறு ஆண்டும் நின்றது.

வெர்வெட் குரங்குகளில் 2013-இல் இளஞ்சிவப்பு, நீல மக்காச்சோளம். ஒரு நிறத்தைக் கசப்பாக்கிப் பழக்கினார்கள். பிறகு கசப்பை எடுத்துவிட்டு இரண்டையும் வைத்தபோது, கசப்பையே அறியாத 27 குட்டிகளில் 26 தாய் தின்ற நிறத்தையே எடுத்தன. வேறு நிறம் தின்னும் கூட்டத்துக்குக் குடியேறிய ஆண்களில் பெரும்பாலானவை ஊரோடு ஒத்துப்போயின. நேரடியாக ஒன்றைத் தின்றுபார்த்துத் தெரிந்திருந்தும் மாறின என்பதுதான் இதில் வியப்பு.

பிப்ரவரி 17

"அவை என்ன நினைக்கின்றன என்று எப்படித் தெரியும்?" பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதே களத்தில் நமக்குள்ள நல்ல கருவி. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதிப் பேபூன் குரங்குகளில் 2003-இல் செய்தது: தாழ்ந்த தரத்துப் பெண்ணின் மிரட்டல் உறுமலும் உயர்ந்த தரத்துப் பெண்ணின் அலறலும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. தரம் தலைகீழானது போல. இருவரும் ஒரே குடும்பம் என்றால் கேட்பவை அதிகம் கண்டுகொள்ளவில்லை, வெவ்வேறு குடும்பம் என்றால் நெடுநேரம் ஒலிபெருக்கிப் பக்கம் பார்த்தன. யார் யாருக்கு மேல், யார் எந்தக் குடும்பம் என்ற இரண்டையும் மனத்தில் ஒருங்கே வைத்திருக்கின்றன.

கெடும் இடங்கள்: குரலுக்குரிய விலங்கு கேட்பவரின் கண்முன் உட்கார்ந்திருப்பது. அது மறைவில், ஒலிபெருக்கி இருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். ஒலிபெருக்கியைக் கேட்பவரின் பக்கவாட்டில் வையுங்கள், தலை திரும்பினால்தான் படத்தில் தெரியும். இயற்கைக் குரலை எந்தத் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று அளந்து அதே அளவு. பதிவு வேவ் கோப்பில், சுருக்கிய கோப்பில் நுட்பம் போய்விடும். யானை உறுமலின் அடிச்சுருதி 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும், சாதாரண ஒலிபெருக்கி அதை எழுப்பவே எழுப்பாது. ஒலிக்கு முன் பத்து நொடி, பின் பத்து நொடி படம். பார்த்த நேரத்தைக் கணக்கிடுபவருக்கு எந்தக் கோப்பு எது என்று தெரியக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் பிழை: ஒரே ஒரு குரல் பதிவை 20 விலங்குக்குப் போட்டுவிட்டு மாதிரி எண்ணிக்கை 20 என்பது. அது அந்த ஒரு பதிவைப் பற்றிய ஆய்வு. பல விலங்குகளின் பல குரல்கள் வேண்டும். ஒரே விலங்குக்கு அடிக்கடி போட்டால் இரண்டாவது முறையே காது கொடுக்காது.

பிப்ரவரி 18

புதிர்ப் பெட்டிக்கும் ஒரு சொல். காட்டுப் புள்ளிக் கழுதைப்புலிகள் 62-க்கு இறைச்சி வைத்த இரும்புப் பெட்டியைக் கொடுத்ததில் 9 திறந்தன. முதல் முயற்சியில் பலவிதமாகக் கடித்து, இழுத்து, புரட்டிப் பார்த்தவைதான் வென்றன. புதுப்பொருளைக் கண்டு ஒதுங்கியவை தோற்றன. ஆக "திறக்கவில்லை" என்பதை "அறிவு குறைவு" என்று படிக்கக் கூடாது, அச்சமும் அதில் இருக்கிறது. பெட்டியருகே வரவே வராதவற்றின் பெயரும் ஏட்டில் வேண்டும்.

மார்ச் 6

பிப்ரவரி 1 குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். மூலப் பதிவைக் கலைப்பது "இணைப்புகள் முழுக்கத் தற்செயல்" என்ற கருதுகோளை மட்டுமே சோதிக்கிறது. எந்த விலங்குக் கூட்டத்திலும் இணைப்புகள் தற்செயலாக இருப்பதில்லை. அதனால் வயதுக்கும் கூட்டாளி எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லாதபோதும் சோதனை "தொடர்பு உண்டு" என்று கைதூக்கிவிடும். 2021-இல் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். இணைப்புகள் தற்செயலா என்ற முதல் கேள்விக்கு அந்த முறை இன்னும் சரி. விலங்கின் குணத்துக்கும் வலையில் அதன் இடத்துக்கும் உள்ள தொடர்புக்கு, ஒவ்வொன்றையும் எத்தனை முறை பார்த்தோம் என்பதைக் கணக்கு மாதிரியிலேயே சேர்க்க வேண்டும். என் பேச்சைக் கேட்டு யாராவது ஏற்கெனவே ஓட்டியிருந்தால் திரும்ப ஓட்டவும்.

மார்ச் 9

கற்பித்தல் உண்டா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. மூன்று நிபந்தனை: தெரியாத ஒன்று எதிரில் இருக்கும்போது மட்டும் நடத்தை மாற வேண்டும், கற்பிப்பவருக்கு அதனால் உடனடி ஆதாயம் இருக்கக் கூடாது, கற்பவர் அதனால் முன்னதாகக் கற்க வேண்டும். மீர்கட்டுகள் (ஆப்பிரிக்கக் கீரியின விலங்குகள்) தேறுகின்றன. சின்னக் குட்டிக்குச் செத்த தேள், வளர வளர உயிருள்ள தேள். வளர்ந்த குட்டியின் கெஞ்சல் ஒலியைப் போட்டால், எதிரே இருப்பது சின்னக் குட்டியே ஆனாலும் உயிருள்ள இரை அதிகம் வருகிறது. அதாவது பெரியவை குரலுக்கு ஏற்ப நடக்கின்றன, குட்டிக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. உங்கள் கூட்டத்தில் தாய் குட்டியின் முன் கல்லை விட்டுப் போகிறது என்கிறீர்களே, அது இதில் எந்த நிபந்தனையையும் இன்னும் நிறைவேற்றவில்லை.

மார்ச் 14

உங்கள் இரண்டு பருவ ஏட்டில் அருகிலிருந்தவர் பத்தி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் வீணாகவில்லை. வீடியோ இருந்தால் சட்டகத்துக்குள் வந்தவற்றை இப்போதும் பெயர் குறிக்கலாம். சட்டகத்துக்கு வெளியே இருந்தவை தெரியாது என்று தனிக் குறி போடுங்கள், "இல்லை" என்று போடாதீர்கள்.

பரவல் வரிசைக்கு ஒரு திருத்தம். ஒரு குரங்கு உடைத்ததை முதலில் பார்த்த தேதியை நீங்கள் கற்ற தேதியாக வைத்திருக்கிறீர்கள். அது பின் எல்லை மட்டுமே. முன் எல்லையும் வேண்டும்: அதே குரங்கு மரத்தடிக்கு வந்து, காயைக் கையில் எடுத்து, கல் பக்கத்தில் இருந்தும் உடைக்காமல் போனதாகக் கடைசியாக எழுதிய தேதி. இரண்டுக்கும் இடையே ஆறு மாதம் இருந்தால் அதன் இடம் வரிசையில் நிச்சயமில்லை, இரண்டு நாள் என்றால் நிச்சயம். ஏட்டைத் திருப்பி அந்த இரண்டாவது தேதியை ஒவ்வொரு பெயருக்கும் தேடுங்கள். அடுத்த பருவத்திலிருந்து அதற்கென்று ஒரு பத்தி போடுங்கள்: வந்தது, எடுத்தது, உடைக்கவில்லை, நேரம், அருகில் யார்.